அன்று நான்கு பேட்டரி, இன்று எண்பது வாட்மணி

கையில் பிடித்து விளையாடும் கருவியை மதிப்பிட உட்காருபவர்கள் முதலில் சில்லின் பெயரைக் கேட்கிறார்கள். அப்புறம் நினைவகம், திரை, விலை. நான் முதலில் எடையைக் கேட்கிறேன். மேசைக் கணினி எவ்வளவு கனத்தாலும் மேசை தாங்கிக்கொள்ளும். இதைத் தாங்கப்போவது ஒரு பிள்ளையின் இரண்டு மணிக்கட்டுகள்.

அக்காள் மகன் வாங்கியிருப்பது 2025 அக்டோபரில் வெளிவந்த ஏசூஸ் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் ஆலாய் எக்ஸ். பினாங்கில், பாயான் பாரு வீட்டில் பெட்டியைப் பிரித்து என் கையில் கொடுத்தான். எடை 715 கிராம். சௌராஸ்தா சந்தையில் காய்கறியைக் கட்டிக் கணக்கில் நிறுத்து வாங்கியவர்கள் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம். இதே வரிசையில் 2023இல் வந்த முதல் கருவி 608 கிராம். கணக்காக ஒரு கட்டி கத்தரிக்காய். புதியது அதைவிட நூறு கிராமுக்கு மேல் கூடுதல். ஒரு கட்டிக் காயைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவதில் சிரமமே இல்லை. அதை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, கட்டைவிரல்கள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு வேலை.

“எடைய விடுங்க மாமா, உள்ள இருக்கறதப் பாருங்க” என்றான்.

பார்த்தேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ஏஐ இசட்2 எக்ஸ்ட்ரீம் சில்லு. எட்டு செயற்கருக்கள், வரைகலைக்குத் தனியாகப் பதினாறு கணிப்புக் கூறுகள். 24 ஜிபி நினைவகம், 1 டெராபைட் சேமிப்பகம். ஏழு அங்குலத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. இவை அத்தனைக்கும் சோறு போடுவது 80 வாட்மணி மின்கலம். விமானத்தில் சிறப்பு அனுமதி இல்லாமல் பயணி கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பு 100 வாட்மணி. ஒரு விளையாட்டுக் கருவி அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

1990 பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் கொண்டுவந்த கேம்பாய்தான் நான் தொட்ட முதல் கைக்கருவி. நாங்கள் அப்போது ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இருந்தோம். ஒரு நீண்ட நடைபாதை, அதை ஒட்டி வரிசையாக வீடுகள், வீட்டுக்கு மூன்று நான்கு பிள்ளைகள். நிண்டெண்டோ அந்தக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது 1989 ஏப்ரலில். கொம்தார் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறோம். எங்கள் நடைபாதையில் யாரிடமும் கிடையாது. அது வந்த அன்று மாலை, முதல் மாடியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் ஏறி வந்தார்கள்.

அதன் திரை இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். நிறம் கிடையாது, பச்சை படிந்த நான்கு சாயல்கள்தான். வேலை செய்வதற்கான நினைவகம் 8 கிலோபைட், திரைக்கென்று இன்னொரு 8 கிலோபைட். பேட்டரி நான்கையும் போட்டால் எடை சுமார் 300 கிராம், அரைக் கட்டி. திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாததால், இருட்டியதும் எல்லாரும் நடைபாதைக் குழல்விளக்கின் கீழே கூடிவிடுவோம். கட்டை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டு ஓடும். ஒருவன் அடுக்கியது உச்சியைத் தொட்டதும் கருவி அடுத்தவன் கைக்குப் போகும். தோற்றவன் தள்ளி நின்று, அடுத்தவனுக்கு எந்தக் கட்டையை எங்கே திருப்பலாம் என்று சொல்லிக்கொடுப்பான். பேட்டரி சோர்ந்தால் கழற்றி ஜன்னல் விளிம்பில் வெயிலுக்கு வைப்போம். கொஞ்சம் சூடு ஏறியதும் இன்னும் ஒரு கை ஆடலாம். எங்கள் ஊர் வெயிலுக்கு அப்படி ஒரு பயன் இருந்தது.

இந்த இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரைப் புள்ளிகள் சரியாக 90 மடங்கு கூடியிருக்கின்றன. நினைவகம் முப்பது லட்சம் மடங்குக்கும் மேல். எடை இரண்டரை மடங்கை நெருங்குகிறது. ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் விளையாடக் கிடைக்கும் நேரம் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. கேம்பாய் நான்கு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. புதிய கருவியில் கனமான விளையாட்டு ஒன்றை அதிவேக அமைப்பில் போட்டால் இரண்டு, இரண்டரை மணியில் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. 35 ஆண்டுப் பொறியியல் முன்னேற்றத்தில் எல்லா எண்களும் ஏற, நேரம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

இதற்குக் காரணம் சோம்பலோ ஏமாற்றோ இல்லை. கேம்பாய் மொத்தமாகவே ஒரு வாட்டுக்குக் குறைவான மின்சாரத்தில் ஓடியது. இன்றைய சில்லுக்கு மட்டும் 15 முதல் 35 வாட் வரை ஒதுக்கி வடிவமைக்கிறார்கள். அதோடு திரை, நினைவகம், சேமிப்பகம், விசிறி எல்லாம் தத்தம் பங்கைக் கேட்கும். கொள்கலனை எவ்வளவு பெரிதாக்கினாலும், குழாயை அதற்கும் அகலமாகத் திறந்துவிட்டால் நீர் சீக்கிரம் தீரத்தான் செய்யும். 2023இல் 40 வாட்மணியாக இருந்த மின்கலத்தை அடுத்த ஆண்டே 80 ஆக்கினார்கள்; கருவியின் எடை அதற்காக 70 கிராம்தான் கூடியது. அது பாராட்டத்தக்க வேலை. இந்த முறை கைப்பிடிகளை எக்ஸ்பாக்ஸ் கட்டுப்பாட்டுக் கருவியைப்போல் நீட்டி வளைத்ததில் இன்னொரு 37 கிராம் சேர்ந்துகொண்டது. கைக்கு அந்த வளைவு உண்மையாகவே இதமாக இருக்கிறது. எடை கூடினாலும் பாரம் உள்ளங்கை முழுவதும் பரவி நிற்கிறது.

கேம்பாயை உருவாக்கிய குன்பே யோகோய், 1965இல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது சீட்டுக்கட்டு தயாரிக்கும் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில்தான் இருந்தார். நன்றாகப் பழகி, விலை இறங்கி, குறைநிறை எல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1980இல் வந்த கேம் அண்ட் வாட்ச், அன்று மலிந்துபோயிருந்த கால்குலேட்டர்த் திரையையும் சில்லையும் வைத்துப் பிறந்தது. 1990இல் சேகா நிறுவனம் கேம் கியர் என்ற போட்டிக் கருவியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, பின்விளக்கு எல்லாம் அதில் இருந்தன. ஆறு பேட்டரி போட்டும் மூன்று முதல் ஐந்து மணி நேரமே தாங்கியது. மக்கள் பச்சைத் திரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் பேட்டரி வாங்கித் தந்தே கட்டுப்படியாக வேண்டிய வீடுகளில் அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது ரைஃபிள் ரேஞ்சில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

இன்றைய கருவிகளில் கேம் கியரின் வழி வந்தவையே அதிகம். அதில் தவறில்லை. மேசைக் கணினியில் ஓடும் விளையாட்டு அப்படியே கைக்குள் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் விலை கொடுத்தே ஆக வேண்டும். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக்கை வெளியிட்டபோது திரையை 1280க்கு 800 புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டது. ஏழு அங்குலத்தில் கண்ணுக்கு அது போதும். சில்லுக்கும் சுமை குறையும். 669 கிராம், 40 வாட்மணி. அடுத்த ஆண்டு வந்த ஓஎல்இடி வடிவத்தில் திரை பெரிதாகி, மின்கலம் 50 வாட்மணியாகி, எடை 640 கிராமுக்கு இறங்கியது. சில்லை 7 நானோமீட்டர் முறையிலிருந்து 6க்குச் சுருக்கி, வேகத்தைக் கூட்டாமல் மின்சாரத்தை மிச்சப்படுத்தினார்கள். யோகோயின் சிந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு எனக்கு அது சாட்சி.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. பினாங்கில் பகலில் 32 பாகை சாதாரணம். சில்லில் பிறக்கும் சூட்டை விசிறி வெளியே தள்ள, வெளியே இருப்பதே சூடான காற்று. குளிரூட்டிய அறையில் எடுத்த அளவீடு எங்கள் ஐந்தடி நடைபாதைகளுக்குப் பொருந்தாது. அக்காள் மகன் அவனாகவே வாட்டைக் குறைத்து வைத்துத்தான் விளையாடுகிறான். கருவி சத்தம் போடுவதில்லை, விரல் சுடுவதில்லை, நேரமும் கூடுகிறது. திரையில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இவ்வளவும் கடையில் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒரு பகுதியும் உண்டு. அது எங்கள் வீட்டோடு தொடர்புடையது.

அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1974இல், பதினெட்டு வயதில், பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். தீவுக்குப் பாலம் வர இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தன. சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதியை 1969இல் பினாங்கு இழந்து, இளைஞர்கள் வேலையில்லாமல் நின்ற காலம் அது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, மின்னணு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்து வந்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று மற்றவர்களும் வந்தார்கள். இந்த எட்டையும் எட்டு சாமுராய்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்களும் தோட்டத்திலிருந்து தமிழ்ப் பெண்களும் நகரத்துச் சீனப் பெண்களும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே நீல மேலங்கி போட்டு உட்கார்ந்தார்கள்.

அம்மாவின் வேலை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத் தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவது. கம்பியின் பருமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. சில்லின் ஓரத்தில் ஒரு முனை, வெளிச்சட்டத்தின் காலில் மறு முனை. இப்படி ஒவ்வொரு காலுக்கும் ஒரு கம்பி. கை நடுங்கினால் கம்பி அறும், இடம் தப்பினால் சில்லே வீண். எட்டு மணி நேரம், சில நாள் கூடுதல் நேரம். எண்பதுகளில் தானியங்கி எந்திரங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் அவரைத் தரப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். அங்கும் நுண்ணோக்கிதான். முப்பது வயதுக்கு முன்பே கண்ணாடி போட்டார். அவரோடு வேலை செய்த பலருக்கும் அப்படித்தான். அதற்காக யாரும் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கவில்லை.

கேம்பாய் வந்த விடுமுறையில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா கதவைத் திறக்குமுன்பே எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். விளையாட்டு அட்டை சரியாக வேலை செய்யாததால் நான் அதைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தேன்.

“ஊதாதடா, எச்சி பட்டா கறுத்துப் போவும்” என்றார். அட்டையை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்து, விளிம்பில் இருந்த பொட்டுகளைக் காட்டினார். “இது தங்கப் பூச்சு. காய்ஞ்ச துணியால துடைச்சா போதும்.”

துடைத்துப் போட்டதும் கருவி ஓடியது. அந்த நடைபாதையில் கேம்பாயின் உட்புறத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அம்மாதான். எங்கள் நடைபாதையில் பல வீடுகளில் தாயோ அக்காவோ பாயான் லெப்பாஸில் சில்லு வேலை பார்த்தார்கள். உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் அவர்கள் கைபட்ட சில்லுகள் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் பிள்ளைகள் விளையாடிய ஒரே கருவி சிங்கப்பூரிலிருந்து விருந்தாளியாக வந்தது. விடுமுறை முடிந்ததும் திரும்பிப் போய்விட்டது. பிள்ளையாக இருந்தபோது அதில் எனக்கு எந்த முரணும் படவில்லை. அம்மாவின் வேலையும் எங்கள் விளையாட்டும் வெவ்வேறு உலகம் என்றே இருந்தேன்.

இன்று அந்த இரண்டு உலகமும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. அக்காள் மகன் பாயான் லெப்பாஸில் சோதனைப் பொறியாளர். தங்கக் கம்பி காலம் பெரிய சில்லுகளைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. இப்போது சில்லைக் கவிழ்த்து, அதன் அடியில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஈயப்பொடி அளவுப் பற்றாசு முட்டுகளை நேரடியாகப் பலகையோடு உருக்கிச் சேர்க்கிறார்கள். அதற்கும் அடுத்த படி, பல சிறு சில்லுகளைத் துண்டுகளாகச் செய்து ஒன்றாக அடுக்குவது. எம்எஸ்ஐ நிறுவனம் 2024இல் வெளியிட்ட கிளா என்ற கைக்கருவியில் இருக்கும் இன்டெல் கோர் அல்ட்ரா சில்லு அப்படிப்பட்டது. கணிப்புக்கு ஒரு துண்டு, வரைகலைக்கு ஒன்று, மற்ற வேலைகளுக்கு இரண்டு. நான்கையும் ஒரு அடித்துண்டின்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்டெல் பினாங்கில் அண்மை ஆண்டுகளில் பெருந்தொகை போட்டு விரிவாக்குவது இத்தகைய அடுக்கு வேலைக்குத்தான். ஏஎம்டியின் பழைய பினாங்குத் தொழிற்சாலையில் 2016இல் சீனாவின் டோங்ஃபூ நிறுவனம் 85 விழுக்காடு பங்கை வாங்கியது. சூச்சோவிலும் பினாங்கிலும் உள்ள அவர்களது கூட்டுத் தொழிற்சாலைகளில் ஏஎம்டி சில்லுகள் உறையிடப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. உலகில் நடக்கும் சில்லு உறையிடல், சோதனை வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதன் நடுநாயகம் இந்தத் தீவு.

ஆகவே வன்பொருளை மதிப்பிடும்போது பழுதையும் சேர்த்தே எண்ணுகிறேன். இத்தனை பேர் உழைத்துச் செய்த பொருள் ஒரு சின்ன உறுப்பு தேய்ந்ததற்காகக் குப்பைக்குப் போகக் கூடாது. கைக்கருவிகளில் முதலில் சீக்காவது பெரும்பாலும் கட்டைவிரல் குச்சி. சாதாரணக் குச்சிக்குள் ஒரு கரிப்பட்டைமேல் உலோக நாக்கு உரசுகிறது. ஆண்டுக்கணக்கில் உரசினால் பட்டை தேய்ந்து, கை வைக்காமலே திரையில் ஆள் நகர ஆரம்பிக்கிறான். காந்தத்தை வைத்து அசைவை அளக்கும் ஹால் உணரிக் குச்சியில் உரசலே இல்லை. கிளாவில் அது இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஆலாய் எக்ஸில் இல்லை. ஆனால் ஆலாயின் சேமிப்பகம் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும் பொது அளவு. திருகாணியைக் கழற்றி நாமே மாற்றலாம். ஸ்டீம் டெக்குக்கு 2022 முதலே உதிரிபாகங்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தைப் பயனாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. நான்கு பேட்டரியை நாமே கழற்றி மாற்றிய காலத்துக்கு உலகம் சட்டம் போட்டுத் திரும்பிப் போகிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன்.

போன வாரம் அம்மா பாயான் பாருவுக்கு வந்திருந்தார். எழுபதை நெருங்குகிறார். பேரன் புதுக் கருவியைக் கையில் கொடுத்ததும், திரையைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். திருகாணிகளை விரலால் தடவி எண்ணினார்.

“தொறக்கலாமா இத?”

“தொறக்கலாம் பாட்டி.”

“அப்ப நல்லது. கனமாத்தான் இருக்கு. மடியில தலகாணி வெச்சு வெளையாடு தம்பி, கை வலிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருவாட்டி தூரத்துல பாரு. எங்களுக்கு அத யாரும் சொல்லல.”

வன்பொருள் பற்றி நான் படித்த எந்த மதிப்பீட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை. திறக்க முடிகிறதா, கை தாங்குமா, கண் தாங்குமா. சில்லின் வேகம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

பிள்ளைக்கு இப்படி ஒரு கருவி வாங்க நினைக்கும் பெற்றோருக்கு நான் சொல்வதும் அதுவே. கடையில் நின்றபடி பத்து நிமிடம் கையில் பிடித்து விளையாடச் சொல்லுங்கள். மின்கலம் எத்தனை மணி என்று கேட்கும்போது, எந்த விளையாட்டில், எத்தனை வாட்டில் என்றும் கேளுங்கள். குச்சியும் மின்கலமும் கெட்டால் உள்ளூரில் மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். ஒரே ஒரு கருவி இருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, முறை வைத்து ஆட விடுங்கள். நாங்கள் தோற்றபோது கற்றுக்கொண்டது ஜெயித்தபோது கற்றதைவிட அதிகம். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள் ஒரு தனி அறைக்குள் முடங்கிவிட்டால், 90 மடங்கு புள்ளிகளால் என்ன லாபம்?

பினாங்கில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கருவியைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே, இதற்குள் இருப்பதைப்போன்ற சில்லுகளை இந்த ஊர்ப் பெண்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒட்டியும் உறையிட்டும் சோதித்தும் அனுப்புகிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருந்தால், அவர் என்ன வேலை செய்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எனக்குத் தெரிந்து அந்த வேலைக்கு ஊரில் சிலை இல்லை, பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமும் இல்லை. பிள்ளைகள் ஆவலோடு கையில் எடுக்கும் பொருளிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்குவது எளிது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.